எண்பதில் அறுபது

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவனிடம் தென்காசியில் எல்லாரும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "எப்பம் வந்தே?" என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் "எப்பம் போவே?" என்று அடுத்தது வந்துவிடும். பால் வாங்கப் போனாலும் கேட்பார்கள், பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றும்போதும் கேட்பார்கள். யாரும் தப்பாகக் கேட்பதில்லை. இருந்தாலும் வந்து இறங்கிய அன்றைக்கே கிளம்பும் தேதியைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். பன்னிரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தேதி சொன்னேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிய அந்த விடுப்பில்தான் முதல் தடவையாக, "பாக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

பால்கடை அண்ணாச்சி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டார். "என்னலே, வேல போச்சா?"

வேலை போகவில்லை. ஒரு தேர்வு இருந்தது.

வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தின் ஹேங்கரில் நான் டெக்னீசியன். விமானம் வந்து நின்றதும் சக்கரம் மாற்றுவது, பிரேக் மாற்றுவது, மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. முதுகு ஒடிய நாங்கள் செய்து முடித்ததும் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்ப்பார், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் ஓர் அடி நகராது. அந்த லைசென்சுக்கு வரிசையாகப் பல தாள்கள் எழுத வேண்டும். ஒவ்வொரு விடுப்பிலும் ஒன்று, இரண்டு என்று எழுதி எல்லாவற்றையும் முடித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் இரண்டு தடவை தோற்றிருந்தேன்.

அது எந்தத் தாள் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும். மின்னணு இல்லை, சட்டம் இல்லை, காற்றியக்கம் இல்லை. பராமரிப்பு முறைகள். நட்டு, போல்ட்டு, ரிவெட், ஸ்பேனர், கம்பி. நான் தினமும் கையால் செய்கிற வேலையைப் பற்றிய தாள். எண்பது கேள்விகள், அறுபது சரியாக இருக்க வேண்டும். முதல் தடவை ஐம்பத்தேழு, இரண்டாவது தடவை ஐம்பத்தெட்டு. கூட வேலை பார்க்கும் மலையாளி ஒருவன், "உன் வேகத்துக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல அறுபது வந்துரும்" என்று சொல்லிச் சிரித்தான். அவனோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.

இந்தத் தடவை விளையாட்டு இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனம், கடைசித் தாளையும் முடித்துவிட்டால் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. செங்கோட்டை வழியாக மலை ஏறி இறங்கினால் திருவனந்தபுரம். வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்துவிடலாம். இதிலும் தோற்றால் பழைய கதைதான். விடுப்பு முடிந்து திரும்பிப் போன அன்றைக்கே அடுத்த இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம். நானும் என் மனைவியும் சேர்ந்து இருந்த நாள்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூட வராது. விடுப்பு முடிந்து நான் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்துக்கொண்டேதான் வழியனுப்புவாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

அவள் கடையநல்லூர்க்காரி. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். காலை ஏழு மணிக்குப் போய் மூன்று மணிக்கு வருவாள். லேபில் அவளைப் பார்த்தால் டாக்டர்கள்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்கள். குழாயில் ஒட்டிய சீட்டில் ஓர் எழுத்து சந்தேகமாக இருந்தாலும் ரத்தத்தைக் கீழே கொட்டிவிட்டு, "இன்னொரு தடவை குத்தணும், கைய நீட்டுங்க" என்று சொல்லிவிடுவாள். எதிரே இருப்பது போலீஸ் அதிகாரியாக இருந்தாலும் அதே பேச்சுதான். வீட்டிலும் அப்படியே. உப்பு கூடியிருந்தால் கூடியிருக்கிறது என்பாள். சமைத்தது அவளே ஆனாலும் சொல்வாள்.

நான் வந்த இரண்டாம் நாள் என் பெட்டியிலிருந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்தாள். மூன்று நாள் அதையே படித்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் இடது கையில் புத்தகம் இருந்தது. விமானத்தின் உள்ளே அவள் கால் வைத்ததே கிடையாது. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வெளிக்கதவு வரைக்கும் வந்து கைகாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். நான் சிரித்துக்கொண்டே, "என்னட்டி, நீ பரீட்ச எழுதப் போறியா?" என்று கேட்டேன்.

"மச்சான், லாக்கிங் ஒயர்னா என்ன?"

நட்டு கழன்றுவிடாமல் இரண்டு மூன்றைச் சேர்த்து முறுக்கிக் கட்டும் மெல்லிய கம்பி அது. ஆயிரம் கட்டியிருப்பேன். சொன்னேன்.

"ஒரு தடவ கட்டின கம்பிய அவுத்து மறுபடியும் கட்டலாமா?"

"சில சமயம், நீளமா நல்லா இருந்திச்சின்னா..."

"தப்பு. எப்பவுமே புதுசுதான்." புத்தகத்தை மூடினாள். "உங்களுக்கு வேல தெரியும். புத்தகம் தெரியல. கேள்வி கேட்டா, கை என்ன செய்யுமோ அத சொல்லுதீங்க. அதான் தோக்கிதீங்க."

கோபம் வந்தது. ஆனால் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு என்று வைத்துக்கொண்டு என்ன கோபப்படுவது? அன்றைக்கே தொடங்கினோம்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. விடுப்பில் வந்தவனைப் பார்க்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். உம்மா எல்லாருக்கும் டீ போடுவாள், நான் எல்லாருக்கும் தேதி சொல்ல வேண்டும். அதனால் நான்கு மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் குற்றாலத்துக்கு ஓடிவிடுவோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிச் சுற்றியதில்லை. சாரல் முகத்தில் அடிக்க, பின்னால் அவள் கையில் கேள்விக் கட்டு. வழியில் தெரிந்தவர்கள் பார்த்தால் புது மாப்பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் பேசிக்கொண்டு போனது ரிவெட்டின் தலை எத்தனை வகை என்பதைப் பற்றி.

ஐந்தருவிக்குப் பக்கத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு கைப்பிடிச் சுவர் உண்டு. அதுதான் எங்கள் வகுப்பறை. அருவிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். சாரலில் தாள் நனைந்துவிடும் என்று, ஒவ்வொரு கேள்வியையும் ஓர் அட்டையில் எழுதி, லேபில் ரத்தக் குழாய் போட்டு அனுப்பும் பிளாஸ்டிக் கவரில் அடைத்து வைத்திருந்தாள். நாற்பது அட்டைக்கு ஒரு கவர். ஒவ்வொரு கவர் மேலும் சீட்டு ஒட்டி, பாடத்தின் பெயரும் தேதியும் எழுதியிருந்தது. நோயாளியின் வயது என்ற இடத்தில் என் வயதையும் எழுதி வைத்திருந்தாள்.

"சக்கரத்துல தீ புடிச்சிருக்கு. எந்தப் பக்கமா போவீங்க?" என்று கத்தினாள்.

"எதிர்ப் பக்கமா ஓடுவேன்!"

எண்ணெய்க் குளியலுக்குக் காத்திருந்த மதுரைக் கூட்டம் ஒன்று திரும்பிப் பார்த்தது. அவள் சிரிக்கவில்லை. "இதுக்கு மார்க்கு கிடையாது."

"முன்னாலயோ பின்னாலயோ. பக்கவாட்டுல போகக் கூடாது. சக்கரம் வெடிச்சா அந்தப் பக்கந்தான் தெறிக்கும்."

"சரி. அத மொதல்லயே சொல்லுங்க."

முதல் வாரம் எண்பதுக்கு ஐம்பத்திரண்டு வந்தது. நடுவில் பழக்கடையில் ரம்புட்டான் வாங்கி, சரியான பதிலுக்கு ஒரு பழம் என்று வைத்தாள். தப்பானால் என் பழத்தை அவளே உரித்துத் தின்பாள். அந்த வாரம் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. உம்மா நல்லபடியாக வேறு ஏதோ நினைத்துக்கொண்டு தெருவெல்லாம் சிரித்த முகமாகத் திரிந்தாள். உண்மையைச் சொன்னபோது இரண்டு நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை.

இரண்டாவது வாரம்தான் அந்தக் குரங்கு வந்தது. ஐந்தருவிக் குரங்குகளுக்கு பிளாஸ்டிக் கவரைக் கண்டால் அதற்குள் கடலை இருக்கிறது என்று தெரியும். அவள் மடியிலிருந்த 'கருவிகள்' என்ற கவரைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கிளையில் வாகாக உட்கார்ந்து கவரைப் பல்லால் கிழித்தது. ஓர் அட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தது, கீழே ஓடும் தண்ணீரில் எறிந்தது. அடுத்ததை எடுத்தது. என்னைப் போலவே அதற்கும் ஒரு கேள்வியும் பிடிக்கவில்லை. நாற்பது அட்டைகளும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போய்விட்டன. கீழே குளித்துக்கொண்டிருந்த ஒருவர் ஈர அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ஏ, யாரோட டிக்கெட்டு இது?" என்று கேட்டார். மை கரைந்து அவர் விரலெல்லாம் நீலமாக இருந்தது.

நான் தலையில் கையை வைத்துவிட்டேன். அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "நாளைக்கு எழுதித் தாரேன்" என்றாள்.

மறுநாள் லேபிலிருந்து வந்தபோது புதுக் கவரில் நாற்பது அட்டைகள் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் எழுதியதாகச் சொன்னாள். புத்தகம் வீட்டில் என்னிடம்தான் இருந்தது. நான் சரிபார்த்தேன். கேள்வி, நான்கு விடை, எது சரி, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரைக்கும் அத்தனையும் அப்படியே இருந்தன. எனக்குப் பொறாமையாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. பொறாமை கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது வாரம் நாங்கள் பெரிதாகச் சண்டை போட்டோம். டார்க் ரென்ச் என்று ஒரு கருவி உண்டு. ஒரு நட்டை இவ்வளவுதான் இறுக்க வேண்டும் என்று அதில் முதலிலேயே அளவு வைத்துவிட்டு முறுக்க வேண்டும். அளவு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கைக்கே தெரியும். என்னுடைய சொந்த ரென்ச்சை வளைகுடாவிலிருந்து கொண்டுவந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பைக்கை நிறுத்தி, பின் சக்கர நட்டில் அதைப் போட்டு அவளுக்கு வித்தை காட்டினேன். உண்மையைச் சொன்னால், புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவள் என்னிடம் பார்க்கட்டும் என்ற ஆசைதான். டக். டக்.

"ஏன் ரெண்டு தடவ?" என்றாள்.

"ஒரு திருப்திக்கு. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"மொத டக்குலயே அளவு வந்துட்டுல்லா?"

"வந்துட்டு."

"அப்பம் ரெண்டாவது டக்கு எதுக்கு? அது அளவுக்கு மேலல்லா போவும்?"

அவள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். சீராக இழு, முதல் சத்தத்தில் நிறுத்து, மறுபடி இழுக்காதே என்று ஒரு கட்டத்துக்குள் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் பத்துத் தடவையாவது புரட்டியிருப்பேன்.

"பன்னெண்டு வருசமாவா ரெண்டு தடவ இழுக்குதீங்க?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

"ஒனக்கு என்னட்டி தெரியும்? ரத்தம் எடுக்குதவ விமானத்தப் பத்திப் பேசுத!" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு இலத்தூர் வரைக்கும் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. குளத்துக்கரையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். போகும்போதும் வரும்போதும், நான் இறுக்கிய நட்டுகளெல்லாம் மனதில் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றும் உடைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் கையெழுத்துப் போடுகிறவரும் எங்கள் இரண்டாவது டக்கைக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவார். ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி. எனக்கு வேலை தெரியும் என்று நான் நினைத்ததில் பாதி, கூட இருந்தவனைப் பார்த்துப் பழகியது.

வீட்டுக்கு வந்ததும் ரென்ச்சை எடுத்து பின் சக்கர நட்டை முழுவதும் கழற்றினேன். மறுபடி மாட்டினேன். ஒரே டக். நிறுத்தினேன். என் கை அடுத்ததற்காகத் துடித்தது, நிஜமாகவே துடித்தது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "இப்பம் சரி."

அன்றைக்குப் பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. நல்ல வெறி. ஒவ்வொரு பாடத்தையும் என் கை என்ன செய்கிறது, புத்தகம் என்ன சொல்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நான் நடித்துக் காட்டுவேன், அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நிற்பாள். சப்பாத்திக் கட்டையில் கம்பி சுற்றினோம். வீட்டுக் கதவின் கீலில் துளையிடும் அளவு பார்த்தோம். பழைய குற்றாலத்துக்குப் போகும் வழியில் நின்ற ஒரு லாரியின் சக்கரத்தைக் காட்டி அவள் கேள்வி கேட்க, டிரைவர் இறங்கிவந்து, "என்ன அண்ணே, வண்டிய புடிச்சிட்டுப் போகப் போறீயளா?" என்று பயந்து கேட்டார். ஐம்பத்தெட்டு வந்தது, அறுபது வந்தது, அறுபத்தாறு வந்தது. எழுபது வந்த அன்றைக்கு ஐந்தருவியில் நான் துண்டைச் சுழற்றிக் கூச்சல் போட்டேன். முப்பத்தைந்து வயது ஆள். பெண்கள் பக்கத்து வரிசையில் நனைந்துகொண்டு நின்ற அவள், எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

தேர்வு சென்னையில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். நான் வளைகுடா திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டுக்கு அப்போது எட்டு நாள் இருந்தது. தேர்வின் முடிவு வர மூன்று, நான்கு வாரமாகும். கஷ்டம் அதில்தான். முடிவு தெரிவதற்கு முன்பே நான் விமானம் ஏறி அந்த இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மாட்ட வேண்டும், அல்லது ஏறாமல் வேலையை விட வேண்டும்.

அவள் ஒரே ஒரு புத்தி சொல்லி அனுப்பினாள். "வெளிய வந்ததும் யார்கிட்டயும் பேசாதீங்க. உக்காந்து எல்லாக் கேள்வியையும் எழுதுங்க, நீங்க போட்ட பதிலோட. கொண்டாங்க, நான் திருத்தித் தாரேன்."

தேர்வு அறையில் உட்கார்ந்தபோது, முதல் விமானத்தில் ஏறியதைவிடப் பயமாக இருந்தது. ஆனால் கேள்விகள் தெரிந்த முகங்களாக வந்தன. சில கேள்விகளைப் படிக்கும்போது அருவிச் சத்தத்துக்கு மேல் அவள் கத்துவதே காதில் விழுந்தது. கை சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு, புத்தகம் சொல்வதை அமுக்கினேன். சிலது சுத்தமாகப் புதிது. அங்கே யோசித்தேன், வியர்த்தேன், ஏதோ ஒன்றை அமுக்கினேன். வெளியே வந்து எழும்பூர் நிலையத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்து, ரயில் வரும் வரைக்கும் எழுதினேன். எண்பதில் எழுபத்தாறு ஞாபகம் வந்தது. மீதி நான்கு என்ன முட்டியும் வரவில்லை.

மறுநாள் காலை தென்காசியில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவள் லேபுக்கு விடுப்பு சொல்லியிருந்தாள். நோட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கூடத்தில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன். உம்மா கொண்டுவந்த இட்லியில் இரண்டு வாய்கூட இறங்கவில்லை. உள்ளே பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ரத்தம் கொடுத்துவிட்டு அவளுடைய லேப் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களின் நிலைமை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

கதவைத் திறந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அறுபத்தேழு."

"நிஜமாவா?"

"ஞாபகம் வராத நாலையும் தப்புன்னுதான் வச்சிருக்கேன். அறுபத்தேழு."

நான் நோட்டைக் கேட்டேன். அவள் அதை லேபுக்குக் கொண்டுபோகும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "எதுக்கு? தப்பான கேள்விய எல்லாம் பாத்துப் பாத்து ஒரு மாசம் பொலம்புததுக்கா? தேவையில்ல. டிக்கெட்ட ரத்து பண்ணுங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். அவள் சொல்லிவிட்டாள். உப்பு கூடிய குழம்புக்கே பொய் சொல்லாதவள். அன்று மத்தியானமே ஹேங்கர் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, திரும்பி வரவில்லை என்று சொன்னேன். அவர் இரண்டு தடவை, நன்றாக யோசித்துச் சொல் என்றார். நான் சிரித்துக்கொண்டே, யோசித்தாயிற்று என்றேன். போனை வைத்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெருவுக்குப் போனேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது. பால்கடை அண்ணாச்சி கேட்டார்.

"எப்பம்லே போவே?"

"போகல அண்ணாச்சி."

அதற்குப் பின் வந்த நான்கு வாரமும் எனக்கு ஊரே திருவிழாவாக இருந்தது. கடையநல்லூருக்குப் போய் மாமனார் வீட்டில் பிரியாணி சாப்பிட்டேன். வீட்டுக் கூரையில் ஒழுகிய இடங்களை அடைத்தேன். அடுத்த மாதம் இதைச் செய்யலாம், நோன்புக்கு அதைச் செய்யலாம் என்று அவளிடம் திட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் என்று சொல்வதே எனக்குப் புதிய பேச்சு. அவள்தான் சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்சம் இளைத்துப்போனாள். தொழுகையில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள். போன் மணி அடித்தால் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அறுபத்தேழு வச்சிக்கிட்டு எதுக்குட்டி பயப்படுத?" என்று நான்தான் அவளுக்கு தைரியம் சொன்னேன். லேபில் வேலை அதிகம் என்றாள். சீசனில் காய்ச்சல் கூடத்தான் வரும் என்று நானும் நம்பிவிட்டேன்.

முடிவு வந்த அன்றைக்கு வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. அவள் லேபிலிருந்து வந்து ஈரத் துப்பட்டாவைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போனில் பக்கத்தைத் திறந்து, தேர்வு எண்ணைப் போட்டு, கண்ணை மூடித் திறந்தேன். தேர்ச்சி என்று இருந்தது. நான் போட்ட சத்தத்தில் உம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். மனைவியைத் தூக்கிச் சுற்றலாம் என்று ஓடினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனை அவள் முன் நீட்டினேன். அப்போதுதான் கீழே இருந்த மதிப்பெண்ணையும் பார்த்தேன். அறுபத்திரண்டு.

"என்னட்டி இது? நீ அறுபத்தேழுன்னல்லா சொன்னே?"

விரலிடுக்கில் அவள் என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"எனக்கு அறுபத்தொண்ணுதான் வந்துச்சு" என்றாள். "மூணு தரம் எண்ணுனேன். மூணு தரமும் அறுபத்தொண்ணு. நீங்க மறந்த நாலுல ஒண்ணு சரியா இருந்திருக்கு."

அறுபத்தொன்று. அவள் சரி என்று வைத்திருந்த விடைகளில் இரண்டு தப்பாக இருந்திருந்தால் போயிற்று. அதை நம்பி நான் பன்னிரண்டு வருஷ வேலையை ஒரு போனில் விட்டிருக்கிறேன். இத்தனை நாள் நான் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு திரிந்தபோது, அந்த ஓர் எண்ணை அவள் தனியாக வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள்.

"அறுபத்தொண்ணுன்னு சொல்லியிருந்தா நீங்க டிக்கெட்ட ரத்து பண்ணியிருக்க மாட்டீங்க" என்றாள். "எதுக்கு வம்புன்னு ஏறிப் போயிருப்பீங்க."

உண்மைதான். ஏறியிருப்பேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு, வழக்கம் போலப் போயிருப்பேன்.

"லேபுல இந்த மாதிரி ஒரு ரிசல்ட்ட நான் யாருக்குமே கொடுத்ததில்ல" என்றாள். அழுகை இப்போதுதான் முழுசாக வந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் கேட்டேன்.

"பெயிலாயிருந்தா என்னட்டி செஞ்சிருப்ப?"

அவள் மூக்கைத் துப்பட்டாவில் துடைத்தாள். அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்பது போலச் சொன்னாள்.

"பெயிலாயிருந்தா பெயிலு. நீங்க இங்கனதான இருந்திருப்பீங்க."